மூடிய அறையின் சிக்கனம்

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் புதிதாகக் கட்டப்படும் அறைகள் ஒரே அச்சில் இருக்கின்றன. முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. பழைய ஜன்னல் இருந்தால் அதன்மேல் பிளைவுட் அடித்து மறைத்திருப்பார்கள். கதவுக்கு அடியில் காற்றுப் புகாமல் பிரஷ் ஒட்டியிருப்பார்கள். கிளினிக், நிதி நிறுவனம், பயிற்சி வகுப்பு எல்லாமே இப்படித்தான். குளிர் வெளியே போகக் கூடாது என்பதே இந்த அறைகளின் ஒரே விதி.

இதனால் மின்சாரம் மிச்சமாவது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. கசிவை அடைத்தால் கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைகிறது. நட்சத்திர முத்திரையும் வீண்போகவில்லை. எரிசக்தித் திறன் பணியகம் 2010-இல் இருந்து அறை ஏசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கி, அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே வருகிறது. நட்சத்திர முத்திரை பெறும் ஏசிகள் தொடக்கத்தில் 24 டிகிரியில்தான் இயங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் வந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அப்பணியகத்தின் கணக்கு. ஆனால் முத்திரை சோதிப்பது இயந்திரத்தை மட்டும்தான். அறைக்குள் இருப்பவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. பலரும் இதை அறியாமலேயே அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப ஊதுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தைத் தள்ளுவதற்கு மட்டுமே. இருபதுக்கு இருபது அடியில், பத்தடி உயரத்தில் ஒரு பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள். அமைதியாக உட்கார்ந்து படிப்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும்கூட, வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 420 பங்கு) அளவில் இருக்கும் அந்த வாயு ஒரு மணி நேரத்தில் உள்ளே மூவாயிரத்தைத் தாண்டிவிடும். மூன்று மணி வகுப்பில் பிள்ளைகள் கண் சொக்கினால் மதியம் சாப்பிட்ட சோற்றின் மேல் பழி போடுகிறோம். கண்ணாடிக் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்துப் பார்ப்பதில்லை.

இந்தத் தவற்றை அமெரிக்கா நமக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே கட்டடங்களை இறுக மூடினார்கள். ஏசித் துறைக்கு விதி வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, 1981-இல் புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று எழுதியது. தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி என்று புகார்கள் குவிந்தன. வீட்டுக்குப் போனதும் அவை மறைந்தன. புதிய, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30 சதவீதம் வரை இப்படிப்பட்ட புகார்கள் மிகையாக எழக்கூடும் என்று 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு கூறியது. 1989-இல் அதே ஆஷ்ரே, அலுவலகத்துக்கு 20 கன அடி என்று நான்கு மடங்காக்கியது. அந்த அனுபவம் எல்லாம் அச்சில் கிடைக்கும்போது, நாம் 5 கன அடிகூட இல்லாத அறைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொரோனா இன்னும் கடுமையாகவே சொல்லிக்கொடுத்தது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று கண்டது. பிறகு ஆராய்ந்தபோது எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நிறுத்தி மூடப்பட்டிருந்ததும், ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளிக்காற்று கிடைத்ததும் தெரியவந்தது. ஏசி மட்டும் ஓடியது.

ஒரு எச்சரிக்கை: கரியமில வாயுவே மூளையை மந்தமாக்குகிறது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 2012-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 22 பேரை வைத்து நடத்திய சோதனையில், 1000 பிபிஎம்மிலேயே முடிவெடுக்கும் திறன் குறைந்தது. பின்னால் வந்த சில சோதனைகளில், தூய கரியமில வாயுவை மட்டும் சேர்த்தபோது அந்த விளைவு தெரியவில்லை. ஆகவே அதைக் குற்றவாளியாகக் கொள்வதைவிட அடையாளமாகக் கொள்வதே சரி. பிறர் விட்ட மூச்சு, உடல் வாடை, பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு எல்லாம் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன என்பதை அது காட்டும். ஆனால் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் அந்த ஃபார்மால்டிஹைடின் அளவைத் தனியே காட்டாது. அதனால் மீட்டரை மட்டும் நம்பி, வெளிக்காற்றைக் கொண்டுவரும் ஃபேனைக் குறைப்பதும் கூட்டுவதும் அரைகுறைத் தீர்வுதான்.

ஏசியே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல காற்றோட்டத்துக்காகவே கட்டிய வீட்டில் அது சரிவரும். அண்ணா சாலையையோ நூறடிச் சாலையையோ பார்த்த அறையில் ஜன்னலைத் திறந்தால் புகையும் தூசியும்தான் வரும். ஏசி ஓடும்போதே திறந்து வைத்தால் சென்னையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். வேண்டியது, வடிகட்டி, அளந்து உள்ளே விடும் காற்று.

அதற்கு எவ்வளவு செலவாகும்? 34 டிகிரிப் புழுக்கத்தில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுத்து 24 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 400 வாட் குளிரூட்டும் திறன் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நல்ல ஏசிக்கு அது மணிக்கு ஒரு யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால், எட்டு மணி நேர வேலை நாளுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய், ஒரு டீக்காசு. வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் குறைக்கும் ஈஆர்வி பெட்டியைப் பொருத்தினால் இதிலும் பாதி குறையும். சீலிங் ஃபேனைச் சுழலவிட்டு ஏசியை 26-இல் வைத்தால் மிச்சமாகும் மின்சாரம் மீதிச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். சிக்கனமும் நல்ல காற்றும் ஒன்றையொன்று வெட்டும் என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

பின் ஏன் யாரும் செய்வதில்லை? மின் கட்டணம் மாதாமாதம் கையில் வருகிறது. கெட்ட காற்றுக்கு ரசீது கிடையாது. சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு 100 கிலோவாட் இணைப்புள்ள பெரிய கட்டடங்களிலிருந்துதான் தொடங்குகிறது. நம்மில் பெரும்பாலோர் நாளைக் கழிக்கும் மாடி அறைகளும் கிளினிக்குகளும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. கட்டட அனுமதி தரும் உள்ளாட்சிகள், ஏசி பொருத்தும் எந்த வணிக அறைக்கும் வெளிக்காற்று வழியைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை கேட்கும் பொறுப்பு நம்முடையது. பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த அறைக்குள் ஒருமுறை நின்று, வெளிக்காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கேளுங்கள். வழி இல்லை என்றால் வைக்கச் சொல்லுங்கள்.