அழுகையின் நான்கு வாயில்கள்

ஒரு காலப்பகுதியின் தொடக்கத்தில் மக்கள் எத்திரைப்படங்களை விரும்பினர் என்று அறிந்தால், அவர்தம் உள்ளம் எதனை நாடிற்று என்பதையும் ஒருவாறு அறியலாம். 2001 முதல் 2003 வரையான ஆண்டுகள் இலங்கையருக்கு அத்தகைய காலம். நெடும்போர் தணியுமோ என்னும் ஏக்கம் அப்பொழுது எங்கும் நிலவிற்று. 22.02.2002 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டுகளில் இப்போரைத் தொட்ட திரைப்படங்களுள் நான்கு ஆராய்தற்குரியன. பாலாவின் ‘நந்தா’ (2001), மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆகிய இரண்டும் தமிழகத்தில் எழுந்தவை. ‘புரஹந்த களுவர’, ‘இர மதியம’ (2003) ஆகிய இரண்டும் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே ஆக்கியவை. இவற்றுள் முன்னையது 1997இல் உருவாகி, 2000இல் அரசினால் தடுக்கப்பட்டு, 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் இலங்கைத் திரையரங்குகளுக்கு வந்தது.

இவற்றை அளத்தற்கு மேலைநாட்டுக் கோல் ஒன்றைத் தேடவேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினை வகுத்துள்ளது. பிறரால் இகழப்படுதல் இளிவு. தாய் தந்தை முதலியோரை இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டுத் தாழ்தல் அசைவு. துய்ப்பதற்கு இன்றி வருந்துதல் வறுமை. இந்நான்கும் இந்நான்கு படங்களிலும் காணக்கிடக்கின்றன.

‘நந்தா’வில் அகதிகள் இராமேசுவரக் கரையை அடைகின்றனர். தலைமன்னாரையும் அக்கரையையும் இணைத்த கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றது. கட்டணச் சீட்டுடன் மக்கள் சென்று மீண்ட அதே கடலை, பின்னர் உயிருக்கு அஞ்சியோர் இரவிற் படகேறிக் கடந்தனர். விருந்தினராய்ச் சென்ற கரையில் ஏதிலியராய் நிற்றல் இளிவன்றோ! எனினும், அகதிப் பெண்ணின் துயரம் இப்படத்திற் கதைத்தலைவனின் இரக்கத்தைக் காட்டுதற்கே பெரிதும் பயன்படுகின்றது. அவள் விட்டுவந்த ஊர் காண்போர் மனத்தில் உருப்பெறுவதில்லை.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இதனினும் ஆழமுடையது. மாங்குளத்திலிருந்து படகேறிவந்த சியாமா, இராமேசுவரம் முகாமிற் பெண்மகவை ஈன்று, அதனை விட்டு மீள்கிறாள். வேறோர் இல்லத்தில் வளரும் அமுதா, ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையறிந்து, ஈன்றவளைத் தேடி இலங்கை வருகிறாள். ஏன் தன்னை விட்டுச் சென்றாள் என்பதே சிறுமியின் வினா. அதற்குச் சியாமாவால் நேர்விடை கூற இயலவில்லை. தன்னுடன் வருமாறு அழைக்கும் மகளுடன் செல்லவும் இயலவில்லை. விடையின்மையை விடையின்மையாகவே நிறுத்தியதே இப்படத்தின் பெருமை. இழவு என்னும் நிலைக்களனுக்கு இக்காட்சி சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆறு தேசிய விருதுகள் பெற்ற இப்படம், தமிழர் பலரின் நெஞ்சில் இன்றும் முதலிடம் பெற்றிருத்தல் வியப்பன்று. போர்க்களமும் காடும் சிலவிடங்களில் அழகிய ஓவியங்களாய் மாறித் துயரின் கூர்மையை மழுங்கச்செய்தல் ஒன்றே இதன் குறை.

‘புரஹந்த களுவர’வில் அத்தகைய அழகூட்டல் இல்லை. போருக்குச் சென்ற மகன் முத்திரையிட்ட பெட்டியில் மீள்கிறான் என்கின்றனர். பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி அதனை நம்பவில்லை. முடிவுறாத வீடும் கடனும் குடும்பத்தை நெருக்க, இழப்பீட்டுப் பணத்துக்கான தாளில் ஒப்பமிடுமாறு சுற்றத்தார் வேண்டுகின்றனர், அவர் மறுக்கிறார். ஈற்றிற் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மகனுடல் இல்லை. வறுமையும் இழவும் ஒன்றோடொன்று மோதும் இக்களத்தில், ஜோ அபேவிக்கிரமவின் நடிப்பு சொல்லின் துணையை மிகுதியும் வேண்டாதது. கண்ணிலாதவரே உண்மையைக் காண்கிறார் என்னும் முரணும் வலிந்து புகுத்தப்பட்டதன்று. கதையிலிருந்து இயல்பாய் எழுவது.

எஞ்சியது அசைவு. ‘இர மதியம’ மூன்று கதைகளைப் பின்னிச் செல்வது. காணாமற்போன விமானியைத் தேடும் மனைவியின் கதை ஒன்று. விடுமுறையில் வந்த படைவீரன் தன் தங்கையைப் பரத்தையரிடையே கண்டு துணுக்குறுதல் மற்றொன்று. புலிகளின் ஆணையால் ஊரைவிட்டு நீங்கும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன், தன் நாயைப் பிரிய மாட்டாது தவித்தல் பிறிதொன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். தோட்டவெளி அமைந்துள்ள மன்னார்த் தீவிலேயே எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்கள் வெறுமையாயின. கையிற் கொண்டவை தவிர அனைத்தையும் விட்டுப் பலர் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். வீடும் காணியும் உடையோர் ஒரே கிழமையில் அகதியராதலே அசைவு. இப்பெருந்துயரைப் படம் ஒரு சிறுவனிலும் ஒரு நாயிலும் அடக்கிக் காட்டுகின்றது. அரசியல் விளக்கம் எதுவும் அங்கு வேண்டப்படவில்லை.

முன்கூறிய தமிழ்ப் படங்கள் இரண்டும் இத்துயரை நோக்கவில்லை. தாம் எடுத்துக்கொள்ளாத பொருளுக்காகப் படைப்புகளைக் குறைகூறல் முறையோ எனின், முறையன்று. ஆயின், காண்போரை நோக்கி வினவுதல் முறையேயாம். தன்னினத்தார்க்கு நேர்ந்த இழவுக்கு அழுதல் எளிது. தன்னினத்தார் பெயரால் அயலார்க்கு நேர்ந்த அசைவுக்கு அழுதலே அரிது. சிங்களக் கலைஞர் ஒருவர் தம் நாட்டு அரசு மூடிய பெட்டியை முதலில் திறந்துகாட்டினார். அதன் பின்னரே தமிழர் தரப்பிலிருந்து விளைந்த துயரையும் காட்டினார். இவ்வரிசையே அவர்தம் நடுவுநிலைக்குச் சான்று.

அமுதாவின் வினாவுக்கு உருகிய கண்கள் அச்சிறுவனின் வினாவுக்கும் உருகுமாயின், அழுகை மெய்ப்பாடு என்னும் நிலையைக் கடந்து அறமாகும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 14.02.2002 அன்று வெளிவந்தது, எட்டு நாளிற் போர்நிறுத்தம் வந்தது, அது நிலைக்கவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரும் சிறுவர் இருவர்தம் வினாக்களும் முடிந்தபாடில்லை. விருப்பத்துக்குரிய படங்களைத் தேரும் இளையோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காண்பாராக. ஒன்று மற்றொன்றை நிறைவுசெய்யும்.