நிதானமாகச் சுழலும் சாணை

பழைய கதவு மரத்தில் மறைந்திருந்த ஆணி, என் ஒரு அங்குல உளியின் வாயைப் பெயர்த்துவிட்டது. முன்பு இதை வேகச் சாணையில்தான் பிடித்திருப்பேன். அப்படிப் பிடித்து நல்ல இழைப்புளித் தகடு ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். கண் மூடித் திறப்பதற்குள் விளிம்பில் நீலம் ஏறிவிட்டது. நீலம் ஏறினால் எஃகின் பதம் போனது என்று பொருள். அந்த இடத்தை முழுக்கத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. இந்த முறை ஸ்வீடன் தயாரிப்பான டார்மெக் டி-8 சாணையில் உளியைப் பூட்டினேன்.

இதன் கல் 250 மி.மீ. விட்டம், 50 மி.மீ. அகலம். நிமிடத்துக்கு 90 சுற்றுதான். ஆறு அங்குல மின்சாணை நிமிடத்துக்கு 2,800 முறைக்கு மேல் சுற்றும். கல் விளிம்பின் வேகத்தை ஒப்பிட்டால் டி-8 அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். கல்லின் அடிப்பாகம் தொட்டி நீரில் நனைந்தபடியே சுழல்கிறது. பள்ளம் மறையக் கால் மணிக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் உளி குளிர்ச்சியாகவே இருந்தது.

சாய்வை 25 பாகைக்கு வைத்தேன். உளியைக் கவ்வும் பிடி, கோணத்தைக் கடைசிவரை மாறாமல் காக்கிறது. ஆனால் கை அழுத்தத்தை அது காக்காது. இன்னொரு முறை இழைப்புளித் தகட்டில் ஒரு மூலையைக் கூடுதலாக அழுத்தினேன், வாய் கோணிவிட்டது. மூலைமட்டம் வைத்து அடிக்கடி பாருங்கள்.

கரடு நீங்கியதும், கூடவே வரும் சமன்கல்லின் மென்பக்கத்தைச் சாணைமேல் அழுத்தினால், 220 நம்பரில் வெட்டிய அதே கல் 1000 நம்பர் போல மழமழப்பாகத் தேய்க்கும். இயந்திரத்தின் மறுபக்கத்தில் உள்ள தோல் சக்கரத்தில் தீட்டுப்பசை தடவிப் பிசிறை எடுக்கலாம். அங்கே சக்கரம் உளியின் வாயை விட்டு விலகிச் சுழல வேண்டும். எதிர்த்துச் சுழன்றால் தோல் கிழிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, வட்டக்கல் சாய்வில் விடும் மெல்லிய குழிவு. அடுத்த சில முறை சாதாரணத் தீட்டுக்கல்லில் வைத்தால், சாய்வின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் கல்லில் படிகின்றன. உளி ஆடுவதில்லை, நாலு இழுப்பில் கூர் திரும்பிவிடுகிறது.

உளியின் பின்பக்கத்தைத் தட்டையாக்க மட்டும் இதை நம்ப மாட்டேன். கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர் ஒட்டிக் கையால் தேய்ப்பதே நல்லது. பின்பக்கம் சமமில்லாவிட்டால் முன்பக்கம் எவ்வளவு தீட்டியும் பயனில்லை.

வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றிவிடுங்கள். கல்லை நீரில் நிற்கவிட்டால் ஒரு பக்கம் மட்டும் நீர் குடித்துச் சமநிலை கெடும். தகட்டை உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

விலை அதிகம். நாள்தோறும் பத்துப் பதினைந்து உளி புழங்கும் பட்டறைக்கு வாங்கலாம். மாதம் ஒருமுறை உளியைத் தொடுபவருக்கு இரண்டு தீட்டுக்கல் போதும்.