கேட்டறியாத ஈகை

துயர்துடைப்புப் பணியில் ஆராய்ச்சிக்கும் புதுமைக்கும் இடம் வேண்டுமென்று, 2016இல் இஸ்தான்புல் நகரில் கூடிய உலக மனிதநேய உச்சி மாநாடு வற்புறுத்தியது. நம் திருச்சபைகளோ இப்பணியைத் திரட்டுதல், பங்கிடுதல், அறிக்கை அனுப்புதல் என்ற அளவிலேயே பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவிந்து கிடந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அனுப்பியோரிடம் அன்பு இருந்தது. பெறுவோரைக் கேட்டறிந்து அனுப்பியவர் சிலரே.

கோவையில் பட்டறைத் தொழிலாளியாயிருந்த அருணாசலம் முருகானந்தம், மாதவிடாய்த் துணியுறைகளை மலிவாகச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்வியந்திரத்தைக் காட்டிலும் அவர் ஆய்ந்த முறையே நம் கவனத்திற்குரியது. 1998இல் மணமுடித்தவர், மனைவி மறைத்துவைத்த கந்தைத் துணியைக் கண்டு ஆய்வைத் தொடங்கினார். தாம் செய்த உறைகளை மருத்துவக் கல்லூரி மாணவியருக்குக் கொடுத்துக் கருத்துத்தாள்களும் வழங்கினார். ஒருநாள், அனைவருக்குமான தாள்களைச் சில மாணவியரே நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். அத்தாள்களை நம்பாமல், பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தம் நிரப்பித் தாமே அணிந்து சோதித்தார். ஊர் அவரைப் பித்தரென்றது. மனைவியும் சிலகாலம் பிரிந்தார். உள்ளிருக்கவேண்டியது பஞ்சன்று, மரக்கூழ் நார் என்றறிய இரண்டாண்டுகளுக்குமேல் ஆயின. (பயன்படுத்திய உறைகளை அகற்றும் வழி இன்றும் தீராத கேள்வி என்பதையும் சொல்லவேண்டும்.)

நம் அறிக்கைகளில் 'பயன்பெற்றோர் கருத்து' என்ற பகுதியை நிரப்பியவர் யார் என்று எந்தத் திருமண்டலம் சோதித்தது? இத்தகைய ஆய்வு நமக்கு அந்நியமுமன்று. வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் அழிவது உணர்விழந்த கைக்கு நேரும் காயங்களினால் என்பதை அவர்களுடைய அன்றாட வாழ்வை உற்றுநோக்கியே அறிந்தார். பர்திமேயுவின் குருட்டுத்தன்மை எவர்க்கும் வெளிப்படை. எனினும் ஆண்டவர் அவன் விருப்பத்தை அவனிடமே வினவினார். நாமோ மாற்கு 5ஆம் அதிகாரத்துப் பெரும்பாடுள்ள பெண்ணின் விசுவாசத்தைப் பிரசங்கித்து, அவள் நோயைப் பேசக் கூசுகிறோம். பீடத்தில் கூசுவதைப் பணிக்களத்தில் எவ்வாறு கேட்போம்?

கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் நம் இறையியல் மாணவியருக்கு எட்டாதவர் அல்லர். களப்பணிக்குச் செல்வோர் முதல் மாதம் பொருளேதும் கொண்டுசெல்லாது, அப்பெண்கள் கூறுவதை அவர்கள் சொற்களிலேயே எழுதிவரட்டும். அக்குறிப்புகளைக் கண்ட பின்னரே நம் பணிக்குழு வரவுசெலவுத் திட்டத்தை வரையலாம்.