மைக்ரேஷன்: சொல்லும் வர்க்கமும்

ஒரு சொல்லின் பொருளை அகராதியளவில் நிறுத்திக்கொள்வது முழுமையான ஆய்வாகாது. அச்சொல்லை யார், எவரைக் குறித்து வழங்கினர் என்பதும் நோக்கப்படல் வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் 'மைக்ரேஷன்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இலத்தீன் மூலத்தையுடைய இச்சொல் பதினேழாம் நூற்றாண்டு முதல் மனிதரின் இடப்பெயர்வையும் விலங்கு, பறவைகளின் இடப்பெயர்வையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. வெளியேறுதல் 'எமிக்ரேஷன்', உட்புகுதல் 'இமிக்ரேஷன்' எனக் கிளைச்சொற்கள் திசையைத் தெளிவாக வேறுபடுத்துகின்றன. ஆயின், பெயர்த்தவர் யார் என்ற வினாவுக்கு இவற்றுள் ஒன்றேனும் விடை தருவதில்லை. பெயர்வோரே வினைமுதலாக நிற்பர். அவர்களைப் பெயர்த்த நிலவுடைமையும் மூலதனமும் மறைந்துவிடுகின்றன. 1853இல் பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வெளியேறியமை பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸுக்குக் 'கட்டாய' என்னும் அடைமொழி வேண்டியிருந்தது.

சொல் மறைத்ததை இலக்கியம் வெளிக்கொணர்வதுண்டு. ஜோன் ஸ்டெயின்பெக்கின் 'த கிரேப்ஸ் ஒவ் ராத்' (1939) நாவலில் ஜோட் குடும்பம் ஒக்லஹோமாவை விட்டுக் கலிபோர்ணியாவுக்குச் செல்கிறது. வறட்சி மட்டும் அவர்களை விரட்டவில்லை. வங்கியும் உழவு இயந்திரமும் நிலத்தினின்று அகற்றின. அவர்கள் எந்த நாட்டின் எல்லையையும் கடக்கவில்லை. எனினும் சென்ற இடத்தில் 'ஓக்கி' என இழிக்கப்பட்டு அந்நியராயினர். அந்நியத்தன்மையை நிர்ணயிப்பது பிறப்பிடமன்று, உடைமையின்மையே என்பதை நாவல் உணர்த்துகிறது.

அதன் குறைபாடும் சுட்டப்படல் வேண்டும். அதே வயல்களில் முன்னரே உழைத்த மெக்சிக்க, பிலிப்பைன்ஸ் தொழிலாளருக்கு நாவலில் உரிய இடமில்லை. 1930களில் மெக்சிக்க வம்சாவளியினர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் அமெரிக்காவிற் பிறந்தோர். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'ரீபேட்ரியேஷன்', அதாவது தாயகம் திரும்புதல்.

இச்சொல் நமக்கும் புதிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தோட்டத் தொழிலாளரும் குடும்பத்தினருமாக 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது இதே சொல்லே பயன்பட்டது. இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதோரின் வெளியேற்றமும் இவ்வாறு 'திரும்புதல்' ஆயிற்று.

தமிழில் பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. ஆங்கிலச் சொல் மூடிவைக்கும் வேறுபாட்டை நம் மொழி வெளிப்படையாகக் காட்டவல்லது. 'மைக்ரேஷன்' என்பதை மொழிபெயர்ப்போரும் அதன் வரலாற்றை எழுதுவோரும் மக்கள் பெயர்ந்தனரா, பெயர்க்கப்பட்டனரா என்பதை ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் இலக்கணம் மட்டும் சார்ந்ததன்று. அது ஒரு வர்க்க நிலைப்பாடுமாகும்.