சூடானிய நாவலொன்றில் தனிமனிதனும் சமூகமும்

1956ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சூடான் விடுதலை பெற்றது. பத்தாண்டுகளின் பின்னர், 1966இல், தையிப் ஸாலிஹ் அரபு மொழியில் எழுதிய ‘வடக்கு நோக்கிய பெயர்வுப் பருவம்’ என்னும் நாவல் வெளிவந்தது. ஆட்சி மாறிய நாட்டிலே தனிமனிதன் தன்னை எவ்வாறு இனங்காண்கின்றான் என்பதே அந்நாவல் எழுப்பும் வினாவாகும்.

இங்கிலாந்தில் ஏழாண்டு கற்ற கதைசொல்லி, நைல் நதிக்கரையிலுள்ள தன் சிற்றூருக்கு மீள்கின்றான். முற்றத்துப் பேரீச்சமரத்தைக் கண்டதும் தானும் வேருடையவனே என மனநிறைவு கொள்கின்றான். அந்நிறைவைக் குலைப்பவன் முஸ்தபா ஸயீத். கார்ட்டூமிற் பிறந்து, கெய்ரோவிலும் இலண்டனிலும் கற்றுப் பொருளியலறிஞனாய் விளங்கிய இவன், ஆங்கில மனைவியைக் கொன்று சிறை சென்றவன்; பின்னர் அவ்வூரில் நிலம் வாங்கி, ஹொஸ்னா என்பாளை மணந்து உழவனாய் வாழ்ந்தவன். எனவே, இந்நாவலைக் கிழக்கும் மேற்கும் மோதுங் கதையாகவே திறனாய்வாளர் பலர் கொள்வர். அக்கருத்துத் தவறன்று, ஆயினும் நிறைவுடையதன்று.

முஸ்தபா நைல் வெள்ளத்தில் மறைந்தபின் நிகழ்வனவே நாவலின் உயிர்நிலை எனலாம். கைம்பெண்ணாகிய ஹொஸ்னா மறுமணத்தை வெறுக்கின்றாள். முதியவனாகிய வத் ரய்யிஸை மணக்குமாறு தந்தை அவளை வற்புறுத்துகின்றார். ஊர் அதனை வழக்கமென ஏற்கின்றது. கதைசொல்லியோ அவள் மனத்தையறிந்தும், அவள்பால் அன்பிருந்தும், வாளாவிருக்கின்றான். முடிவில் அவள் வத் ரய்யிஸைக் கொன்று தானும் மாள்கின்றாள். ஊரவரிடத்துத் துயரினும் நாணமே மேலோங்குகின்றது. நடந்ததை வாய்விட்டுரைக்கவும் அவர்கள் தயங்குகின்றனர். அயலாட்சியின் கொடுமையை மறையாத ஆசிரியர், தம்மூர் வழக்கத்தின் கொடுமையையும் மறைத்திலர். வேர் மரத்தைத் தாங்குவது உண்மையே. ஆனால் ஹொஸ்னாவுக்கு அவ்வேரே தளையாயிற்று. இதனைக் கற்றவன் கண்டும் பேசாதிருந்தமையே நாவல் சுமத்தும் பெருங்குற்றம்.

குறையும் ஒன்றுண்டு. ஹொஸ்னாவின் உள்ளம் பெரும்பாலும் பிறர் வாய்மொழியாகவே புலனாகின்றது. அன்றியும், நாவல் காட்டுவது அரபு பேசும் வடபுல நதிக்கரை வாழ்வையே. 2011இல் தனிநாடாய்ப் பிரிந்த தென்புலத்தாரின் வாழ்வு இங்கில்லை. ஆகவே இதனைச் சூடான் முழுமைக்கும் உரிய ஓவியமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இறுதியிற் கதைசொல்லி நதியினிடையே, வடகரைக்குந் தென்கரைக்கும் நடுவில், வலியிழந்து தத்தளிக்கின்றான். வாழ்வதென அங்கே துணிகின்றான். உதவி வேண்டிக் கூவுகின்றான். துணிவு அவனுடையது, கூவுவதோ பிறரை நோக்கி. தனிமனிதனுஞ் சமூகமும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும் உண்மையை இதனினுந் தெளிவாக உணர்த்துதல் அரிது.