ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவர்

அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாள் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் வேன் வந்து நிற்கும். வராந்தாவில் எடை மெஷின், சுவரில் உயரம் அளக்கும் கோடுகள், எதிர்ச்சுவரில் கண் பரிசோதனை அட்டை. பிள்ளைகள் வகுப்புவாரியாக வரிசையில் நிற்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது, பதிவேட்டில் எழுதுவது, அடுத்த பிள்ளை. ஒருவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் பெரிது. ஒரு குழந்தையின் வீட்டு வாழ்க்கைக்கும் பள்ளி வாழ்க்கைக்கும் இந்தச் சில நிமிடங்களால் மருத்துவர் என்ன செய்துவிட முடியும்? இந்தக் கேள்விக்குப் பாராட்டுரையும் பதில் ஆகாது, வசையும் பதில் ஆகாது. ஒவ்வொன்றாக எடுத்து நிறுக்க வேண்டும்.

இந்த வேனை அனுப்புவது 2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம். பள்ளி வட்டாரத்தில் இதை ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு தலைப்புகளில் 30 பிரச்சினைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை. அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை என்பது மத்திய வழிகாட்டுதல்.

இதை எடைபோட ஒரு பழைய படிக்கல் உண்டு. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் பரிசோதனைத் திட்டங்களுக்கான பத்து நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் இரண்டு போதும்: கண்டுபிடித்த நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கூட்டம் கூட்டமாகப் பரிசோதிப்பது, குடும்பத்தின் கையில் கவலையை மட்டும் கொடுத்து அனுப்புவதாகும்.

இந்தப் படிக்கல்லில் திட்டம் கம்பீரமாகத் தேறும் இடம் பிறவிக் குறைபாடுகள். எடை ஏறாத குழந்தை, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தை, விளையாடினால் மூச்சு வாங்கும் குழந்தை. வீட்டில் 'சவலைப் பிள்ளை' என்று விட்டுவிட்டிருப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட ஒரு முணுமுணுப்புச் சத்தம் எக்கோ பரிசோதனைக்கும், அங்கிருந்து முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைக்கும் கொண்டுபோகும். பிளவுபட்ட உதடும் வளைந்த பாதமும் இப்படித்தான். வளைபாதத்துக்குப் பெரிய அறுவைகூடத் தேவையில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாக நேராக்கும் பொன்செட்டி முறை போதும். நோய் தெளிவானது, சிகிச்சை உண்டு, கட்டணம் இல்லை. பத்து வயதில் நொண்டி நடக்க வேண்டியவன் ஓடுகிறான் என்றால், இந்தத் திட்டத்தைச் சடங்கு என்று தள்ளிவிட யாருக்கும் வாய் வராது.

கண்ணாடி விஷயத்தில் தராசு ஆடத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2009 முதல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தருகிறார்கள். கண்ணாடி கொடுத்தால் படிப்பு உயருமா என்று சீனக் கிராமப்புறப் பள்ளிகளில் சோதித்த ஆய்வு 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பார்வைக் குறைபாடுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இலவசக் கண்ணாடி பெற்றவர்களின் கணித மதிப்பெண் உயர்ந்தது. அளவில் சிறியது, ஆனால் உண்மையான உயர்வு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது இலவசக் கண்ணாடி பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை அணிந்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்க நாம் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. வகுப்பில் 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர் காத்திருக்கிறது. கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று பாட்டி சொல்வார். பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா, நாளைக்குப் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று வீட்டில் பேச்சு வரும். இவை எதுவும் லென்ஸின் குறை இல்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்த மருத்துவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை, வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது பெட்டியிலிருந்து மூக்குக்கு ஏறியிருக்க வாய்ப்புண்டு. அந்த இரண்டு வார்த்தைக்கான நேரமோ, அது தன் வேலை என்ற நினைப்போ வேனில் வருவதில்லை. பார்வைக் குறையைக் கண்டுபிடிப்பதுடன் தன் கடமை முடிந்தது என்று எண்ணும் இடத்தில்தான் மருத்துவர் குழந்தையைத் தவறவிடுகிறார்.

இரத்தசோகையும் இதே கதைதான். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டமும் 2013 வாக்கில் நாடு முழுக்க வந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15–19 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015–16இல் 54.1 விழுக்காடு, 2019–21இல் 59.1. மாத்திரை பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. விழுங்காத மாத்திரை எதையும் நிரூபிக்காது. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியவளும், மலம் கறுத்ததைப் பார்த்துப் பயந்தவளும் அடுத்த வாரம் ஜன்னல் வழியே வீசிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கு, கறுப்பாகப் போனால் பயப்படாதே என்று சொல்ல அரை நிமிடம் ஆகும்.

இனி, திட்டம் தேறாத இடம். அந்த 30 பிரச்சினைகளின் பட்டியலில் கற்றல் குறைபாடும் கவனக்குறைவு மிகுசெயல்பாடும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, வராந்தாவில் கண்டுபிடிப்பது வேறு. எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் திணறும் பிள்ளையைச் சில நிமிடத்தில் யாராலும் இனங்காண முடியாது. கவனக்குறைவு நோயைப் பொறுத்தவரை, மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேடே ஒரு நிபந்தனை வைக்கிறது: அறிகுறிகள் குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும். அதாவது, வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பதை ஆசிரியரிடமும், வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதைப் பெற்றோரிடமும் கேட்காமல் இந்த முத்திரையைக் குத்துவது மருத்துவ நூலுக்கே முரண். நகரத்துக் கிளினிக்குகளில் இது நடக்கிறது. அம்மா சொன்னதை மட்டும் கேட்டு மாத்திரை எழுதும் சீட்டுகளைப் பலரும் பார்த்திருக்கலாம்.

இங்கே எதிர்த்தரப்பு வாதம் ஒன்று வலுவானது. மருத்துவர் பள்ளிக்குள் கூடுதலாக நுழைந்தால் பள்ளியின் தோல்விகள் எல்லாம் பிள்ளையின் நோய்களாக மாறிவிடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் திடீரென ஆங்கில வழியில் போட்டு, வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத நிலையில், ஒரே வருடத்தில் 'ஸ்லோ லேர்னர்' என்று பெயர் வைத்து மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். மருத்துவர் அதற்கு ஒரு நோய்ப் பெயர் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி: பள்ளிக்குப் பழி இல்லை, வீட்டுக்குப் பழி இல்லை. ஆனாலும் மருத்துவரை வெளியே நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் மொழிப்பாட விலக்கும் மருத்துவச் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தக் காகிதம் பள்ளியில் தங்குவதற்கும் நின்றுவிடுவதற்கும் இடையிலான வித்தியாசம். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இது நோய் என்று சொல்லும் துணிவையும் இது நோய் இல்லை, பாடம் நடத்தும் முறையைப் பாருங்கள் என்று எழுதித்தரும் துணிவையும் சேர்த்துத்தான். இரண்டாவது வகைக் காகிதம் நம் ஊரில் அரிது.

இரண்டாவது வகைக்குக் காத்திருப்பது கற்றல் குறைபாடு மட்டும் இல்லை. திங்கட்கிழமை காலை வயிற்றுவலியைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஞாயிறு முழுக்க நன்றாக விளையாடியவன் பள்ளி நேரம் நெருங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். வலி பொய் இல்லை. ஸ்கேனில்தான் எதுவும் தெரியாது. ஸ்கேன், பூச்சி மாத்திரை, பசி எடுக்க ஒரு சிரப் என்று சீட்டு நீளும். 'பள்ளியில் யார் அடிக்கிறார்கள்?' என்ற கேள்வி சீட்டில் வராது. உடலைத் தண்டிப்பதையும் மனத்தை வதைப்பதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அப்பா போய்க் கேட்டால் தலைமையாசிரியர் ஒரு மாதிரி பதில் சொல்வார்; மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் போனால் வேறு மாதிரி பதில் வரும். நம் சமூகத்தில் இந்த அதிகாரம் மருத்துவருக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. அதை அவர் பெரும்பாலும் காய்ச்சல் விடுப்புச் சான்றிதழில் செலவழிக்கிறார்.

குடும்பத்துக்குள்ளும் மருத்துவரின் சொல்லுக்குச் செல்வாக்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரி சக்கர்மன் என்ற குழந்தை மருத்துவர் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லலாம். 1989இல் சக மருத்துவர்களோடு சேர்ந்து, வழக்கமான உடல்நலச் சோதனைக்கு வரும் சிறு குழந்தைக்குக் கதைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோரை அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். 1993இல் மருத்துவமனைக்கு ஒரு வக்கீலை வைத்தார். வீட்டுச்சுவரில் பூஞ்சை பிடித்திருந்தால் இன்ஹேலர் எத்தனை கொடுத்தாலும் குழந்தைக்கு இழுப்பு திரும்ப வரும். சுவரைச் சரிசெய்யும்படி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த மருந்துச் சீட்டால் முடியாது. இதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்பதில்லை. மருந்தால் தீராத இடத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசிப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி என்பதே இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது.

அப்படியானால் மருத்துவரே ஆலோசகராகவும் இருக்கட்டுமே என்று தோன்றும். சான்று வேறு திசையைக் காட்டுகிறது. பீகாரின் நாலந்தா மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' என்ற மாணவர் நலத் திட்டத்தின் சோதனை முடிவுகள் 2018இல் லான்செட்டில் வந்தன. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் ஒருவர் திட்டத்தை நடத்தினார். சிலவற்றில் ஏற்கெனவே பாடம் எடுக்கும் ஆசிரியரே நடத்தினார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் கூடுதல் சுமையாகக் கொடுத்த பள்ளிகளில் அப்படிப் பயன் தெரியவில்லை. நிபுணரும் தேவைப்படவில்லை, வேறு வேலை சுமத்தப்படாமல் அங்கேயே இருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார். ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை உடல்நலத் தூதர்கள் ஆக்கும் 2020ஆம் ஆண்டு மத்தியத் திட்டத்தை இந்தச் சான்றின் வெளிச்சத்தில் பார்த்தால் நம்பிக்கை சுருங்குகிறது.

வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் இன்னொரு முள் இருக்கிறது. வரிசையில் நின்றபடி, பின்னால் நிற்பவள் காதில் விழும்படி, ஒரு பெண் எதையும் சொல்லமாட்டாள். தனியறை கொடுத்தாலும், பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கட்டாயம். சொல்லாதவருக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. வன்கொடுமையிலிருந்து மீட்க இது வேண்டியதுதான். ஆனால் விரும்பிப் பழகிய இருவர் விஷயத்தில் இதே பிரிவு பெண்ணை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் தடுத்துவிடுகிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயர் விவரத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தச் சிக்கலை உணர்ந்ததால்தான். பேசத் தொடங்கும் முன்பே, எதை நான் ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவது மருத்துவரின் முதல் நேர்மை.

தீர்ப்புக்கு வரலாம். பிறவிக் குறைபாடுகளிலும் சிறு வயதிலும் ஆர்.பி.எஸ்.கே. வென்றிருக்கிறது; அதில் கை வைக்கக் கூடாது. பத்து வயதுக்கு மேல், இப்போதைய அமைப்பில், அது பதிவேட்டுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. கூடுதல் வேன், கூடுதல் நாள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லா வகுப்பையும் ஆண்டுதோறும் மேலோட்டமாகப் பார்ப்பதை விட்டு, ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் வகுப்புகளை நின்று நிதானமாகப் பார்க்கட்டும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குப் பின் இங்கிலாந்தில் வளர்ந்த பள்ளி மருத்துவச் சேவையில், பள்ளியில் சேரும்போதும் இடையில் ஒரு முறையும் வெளியேறும் முன்பும் என்றுதான் பார்த்தார்கள். மிஞ்சும் நாட்களில், மூன்று மாதம் கழித்து அதே பள்ளிக்கு இரண்டாம் முறை போய், முதல் முறை பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும், வகுப்பாசிரியரையும் வர முடிந்த பெற்றோரையும் அருகில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். கண்ணாடி மூக்கில் இருக்கிறதா, எக்கோ எடுத்தார்களா, கூலி போகும் என்று அப்பா மாவட்ட மருத்துவமனைக்குப் போகாமல் விட்டாரா என்பது அப்போது தெரியும். வட்டாரத்துக்குச் சில ஆலோசகர்களை அமர்த்தி, அவர்களுக்குப் பின்பலமாக மருத்துவர் நிற்கட்டும்.

இதற்கு விலை உண்டு. ஐந்தாம் வகுப்பில் தொண்டை அழற்சிக்குப் பின் இதய வால்வைப் பிடிக்கும் ருமாட்டிக் நோய் வந்த பிள்ளை, ஏழாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம். எட்டாம் வகுப்பில் கிட்டப்பார்வை வந்தால் பத்தாம் வகுப்பு வரை கரும்பலகை மங்கலாகத் தெரியலாம். கண் அட்டை வைத்துப் பார்க்க ஆசிரியரால் முடியும் என்பதால் இரண்டாவது இழப்பைத் தடுக்கலாம். முதல் இழப்பை முழுவதும் தடுக்க வழியில்லை. அதைத் தெரிந்தே சொல்கிறேன்: பரிந்துரைச் சீட்டோடு வீடு திரும்பி, அங்கேயே நின்றுபோகும் பிள்ளைகளைப் பின்தொடர இந்த விலையைக் கொடுக்கலாம்.