டாக்டர் ரியூ எழுதாமல் விட்டது

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ (1947) நாவலை நம்மில் பலரும் ஒரே விதமாகத்தான் படித்திருக்கிறோம். மனித இருப்பின் அபத்தம், அல்லது ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் உருவகம் - இந்த இரண்டுக்குள் நம் பேச்சு முடிந்துவிடும். இருபது வயதில் ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நானும் அப்படித்தான் படித்தேன். ஓரான் அல்ஜீரியாவில் இருக்கும் ஊர் என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சமீபத்தில் மறுபடி படித்தபோது ஆரம்பத்தில் வரும் சிறு உரையாடல் ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை.

ராம்பேர் பாரிஸ் பத்திரிகைக்காரன். அராபியர்களின் வாழ்க்கை நிலை, குறிப்பாகச் சுகாதார நிலை பற்றித் தகவல் கேட்டு டாக்டர் ரியூவிடம் வருகிறான். நிலைமை நன்றாக இல்லை என்கிறார் ரியூ. ஆனால் முழு உண்மையையும் எழுத உங்களால் முடியுமா, முழுக் கண்டனமாகவே எழுத முடியுமா என்று கேட்கிறார். அந்த அளவுக்கு முடியாது என்று அவன் ஒப்புக்கொள்கிறான். ரியூ தகவல் தர மறுத்துவிடுகிறார். வேண்டுமானால் ஊரில் செத்து விழும் எலிகளைப் பற்றி எழுதலாம் என்கிறார்.

ரியூவின் நேர்மையை வியந்துவிட்டு மேலே போய்விடலாம். ஆனால் இதுவரை கதையைச் சொல்லி வந்தவரே ரியூதான் என்று கடைசியில் தெரியவருகிறது. நோயில் சிக்கியவர்களுக்கு நேர்ந்த அநீதிக்குச் சாட்சியாக எழுதியதாகச் சொல்கிறார். சரி, ராம்பேரிடம் கேட்ட முழு உண்மையை இவர் எழுதினாரா? இவருக்குப் பத்திரிகை முதலாளி யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவர் திரும்பவே இல்லை.

நாவலில் அராபியர்கள் இல்லை என்பதைக் கானர் குரூஸ் ஓ’பிரையன் 1970இல் வெளிவந்த தம் காம்யு நூலிலேயே சொல்லிவிட்டார். பெயருள்ள அராபியர் ஒருவர்கூட இல்லை. புகையிலைக் கடைக்காரி பேச்சில் ஒருவன் வருகிறான், அதுவும் கடற்கரையில் கொலையுண்டவனாக. ஆனால் ஆள் கணக்கல்ல என் பிரச்னை. மருத்துவனே எழுதிய கதையில் மருத்துவத்தின் முதல் கேள்வி விடுபட்டுப் போயிருக்கிறது. சீரம் போதவில்லை, யாருக்கு முதலில்? ஆஸ்பத்திரிக்கு வராதவன் யார், ஏன் வரவில்லை? உணவு விஷயத்தில் ஏழைக்கு நேரும் அநியாயத்தை நாவல் சொல்லத்தான் செய்கிறது. வைத்தியத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதுபோல் நகர்கிறது.

காம்யுவுக்குத் தெரியாததல்ல. 1939 ஜூனில் ‘அல்ஜே ரெபுப்ளிகேன்’ பத்திரிகையில் கபிலியாவின் வறுமை பற்றி - பசி, கூலி, பள்ளிக்கூடம், டாக்டர் பற்றாக்குறை எல்லாவற்றையும் - தொடராக எழுதியவர் அவர். ராம்பேர் எழுதாத கட்டுரையை முன்பே எழுதியவர். பத்திரிகையாளன் கண்டதை நாவலாசிரியன் உருவகத்துக்காகக் கைவிட்டிருக்கிறான்.

அந்தக் கட்டிலின் மறுபக்கத்தைப் பார்க்க ஃபிரான்ஸ் ஃபனானிடம் போகவேண்டும். 1953 முதல் 1956 வரை பிளிதா ஆஸ்பத்திரியில் மனநோய் மருத்துவராக இருந்து ராஜினாமா செய்தவர். 1959இல் அவர் எழுதிய நூலில் மருத்துவமும் காலனியமும் பற்றி ஓர் அத்தியாயம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அல்ஜீரியன் சரியாகப் பதில் சொல்வதில்லை. தொட்டால் உடம்பு விறைக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்புவோமா என்று பயப்படுகிறான். டாக்டர் இதை மந்தபுத்தி என்கிறார். ஃபனான் இதில் அரசியலைக் காண்கிறார். அந்த டாக்டர் நிலச்சுவான்தாரும்கூட. சித்திரவதையில் செத்தவனுக்கு இயற்கை மரணம் என்று சான்று எழுதும் கையும் டாக்டருடையதுதான். போர்க்காலத்தில் ஆன்டிபயாடிக், ஈதர், டெட்டனஸ் மருந்து விற்பனைக்கே அரசு தடை போட்டது. மருந்தைப் பற்றிய சந்தேகம் மூடநம்பிக்கை அல்ல, அனுபவம்.

ஃபனானையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மருத்துவம் புரட்சிக்காரர்கள் கைக்கு வந்ததும் அந்தச் சந்தேகம் கரைந்துவிட்டதாக அவர் காட்டுவதில் அவசரம் தெரிகிறது. அவர் 1961இல் இறந்தார். 1962இல் சுதந்திரம் வந்தபோது ஐரோப்பிய டாக்டர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டே போனார்கள். சந்தேகம் கரைந்தாலும் டாக்டர் வேண்டுமே. சொந்த ஜனங்களை டாக்டர்களாக்காமல் விட்ட ஆட்சியின் குற்றம் அது. ஆனால் ஃபனானின் நம்பிக்கையில் இந்த வெற்றிடத்துக்கு இடமே இல்லை.

இதற்காகக் காம்யுவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தாரூவின் மரணம் இன்றும் என்னைக் கலைக்கிறது. சகல மனிதருக்கும் பொதுவானது என்று ஒன்றை எழுதும்போது யாரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்பதுதான் விஷயம். நம் கவிதைகளிலும் நோய் என்றால் உடனே குறியீடுதான். விடிகாலையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவன் அதில் எங்கே? ராம்பேரிடம் ரியூ கேட்டதை நாம் ரியூவிடம் கேட்கலாம். பிறகு நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.